சிவப்பு வாங்கியவன் பேச்சு செல்லாது

மண்டையில் ரத்தம் வழிந்தபோது தவசிக்கு முதலில் தோன்றியது வலி அல்ல, சந்தோஷம். பங்காளி மாயழகு இந்த வெள்ளாமை முடிகிற வரைக்கும் ஜெயிலை விட்டு வெளியே வர முடியாது என்ற சந்தோஷம்.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். முன்னெல்லாம் அந்தப் பக்கத்தில் அடிதடி என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. அடி வாங்கியவன் ஸ்டேஷனுக்குப் போக மாட்டான். பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒரு கட்டிலைப் பிடித்துப் படுத்துவிடுவான். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்பான். அடித்தவன் மட்டும் சும்மா இருப்பானா, அவனும் தன் மண்டையைத் தானே செங்கல்லில் கீறிக்கொண்டு எதிர்க்கட்டிலில் வந்து படுப்பான். இரண்டு வீட்டிலிருந்தும் தூக்குவாளியில் சோறு வரும். எவன் அதிக நாள் படுக்கிறானோ அவன் கேஸ் கெட்டி. டாக்டர்களுக்கு இது தெரியும், போலீசுக்கும் தெரியும். கட்டில் இல்லாமல் தரையில் கிடந்த நிஜ நோயாளிகளுக்கு மட்டும்தான் தெரியாது.

பிறகு வெளிச்சப்பட்டை வந்தது. நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற சாதாரணப் பட்டைதான். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் கிளம்பி மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே போய்த் திரும்புமாம். உள்ளே ரத்தம் கசிந்து கட்டியிருந்தால் அந்த ரத்தம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். அப்போது சிவப்பு எரியும். ஒன்றும் இல்லையென்றால் பச்சை. ஸ்கேன் மிஷின் இல்லாத பட்டிக்காட்டில் விபத்தில் அடிபட்டவனைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஏற்றி அனுப்பத்தான் அதைச் செய்தார்கள். நல்ல சாமான்தான். ஆனால் நல்ல சாமானைச் சும்மா விடுகிற வழக்கம் அரசாங்கத்துக்குக் கிடையாதே. உயிரைக் காப்பாற்ற வந்ததைப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு ஒரு பட்டை. அடிதடியில் சிவப்பு வந்தால் அடித்தவனுக்கு ஜாமீன் கிடையாது, நேரே உள்ளே. பச்சை வந்தால் இரண்டு பேரையும் திட்டி அனுப்பிவிடுவார்கள். கட்டில் பிடிக்கிற தொழில் ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது.

இதில் அதிகம் நொந்துபோனது வக்கீல் குமாஸ்தா நாகு. எந்தப் பக்கம் தலை சுற்றுகிறது என்று சொல்ல வேண்டும், டாக்டர் விரலைக் காட்டினால் எத்தனை என்று தப்பாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஆளுக்கு ஆள் பாடம் எடுத்தவன். இப்போது டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான்.

தவசிக்கும் மாயழகுக்கும் நடுவில் ஒரு கிணறு. அப்பன்மார் சேர்ந்து வெட்டியது, பிள்ளைகளுக்கு முறை வைத்துத் தண்ணீர். மாயழகு சித்தப்பா மகன், வயதில் இளையவன், மீசை மட்டும் மூத்தது. அன்றைக்குக் காலையில் தவசியின் முறை தொடங்கியும் அவன் மோட்டாரை நிறுத்தவில்லை. கேட்டதற்கு, கிழவனுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி, குளிக்கவா போற என்றான். பேச்சு வளர்ந்தது. மாயழகு கையில் கிடைத்த பைப்புத் துண்டால் ஒரு போடு போட்டான். தவசியின் இடது பக்க மண்டை பிளந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். தவசி இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். தொட்டியடியில் பாசி. மாயழகு மல்லாக்கப் போய், பின்மண்டை சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் மோதியது. அந்தச் சத்தம் தவசிக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவன் எழுந்துவிட்டான். பின்னந்தலையைத் தடவி, கையைப் பார்த்தான், ரத்தம் இல்லை. தவசியின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

தவசியின் பெண்சாதி பஞ்சவர்ணம் ஓடிவந்து காயத்தில் காப்பித்தூளை அள்ளி வைத்து அமுக்கினாள். ரத்தம் நிற்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கொளுத்தி, அந்தக் கரியை வைத்து அழுத்தினாள். நின்றது. ஊரில் எல்லார் மண்டையிலும் அந்தக் கரி ஒரு தடவையாவது ஏறியிருக்கும்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தமயந்தி கறாரான பெண். முதலில் தவசிக்குப் பட்டை கட்டினாள். சிவப்பு. தவசிக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்து மாயழகைப் பார்த்து, உனக்கு எங்கயாவது அடியா, இவர் உன்னைத் தொட்டாரா என்று கேட்டாள். மாயழகு மீசையைத் தடவினான்.

"இந்தக் கிழவன் என்னையத் தள்ளிருவானா மேடம்? எங்கிட்ட நெருங்கிருவானா?"

தவசியும், நான் கையே ஓங்கவில்லை தாயி என்றார். ஒருத்தன் ரோஷத்தில் மறைத்தான், ஒருத்தர் கேசுக்காக மறைத்தார். பட்டைக்கும் இரண்டு பேரும் சொன்னது சரி என்றுதான் பட்டது. மாயழகுக்குப் பச்சை.

அவனை லாக்கப்பில் வைத்தார்கள். தவசியை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். போகிற வழியில் நாகு போனில் பிடித்து, அண்ணே, சிவப்பு வாங்குறதெல்லாம் ஒரு கொடுப்பினை, ஆடாம அசையாம படுங்க என்றான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஒரு கூட்டம் வராண்டா வரைக்கும் நின்றது. தவசியைத் தள்ளுவண்டியில் போட்டு அந்த வரிசையில் விட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்காமல் கிடைத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். இளவயதுப் பெண் டாக்டர் ஒருத்தி வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கையைக் காலை ஆட்டச் சொன்னாள். பிறகு தலைமுடியை விலக்கிப் பார்த்து, பஞ்சை எதிலோ நனைத்துத் துடைத்தாள். பஞ்சு மைபோல் கறுத்தது. இன்னொரு பஞ்சு, இன்னொரு பஞ்சு. துடைத்து முடித்துத் தன் பட்டையை எடுத்துக் கட்டினாள்.

பச்சை.

"என்னங்க வச்சீங்க தலையில?"

"வேட்டிக் கரி. எங்க வீட்டுல வச்சா."

அவள் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றாள். கரியும் வெளிச்சத்தைக் குடிக்கும் ஐயா, அதான் சிவப்பு என்றாள். தவசிக்குப் பகீரென்றது. அப்போ கேசு போச்சா தாயி என்று கேட்டார்.

"உங்க கேசு எங்கயும் போகாது. ஒரு தடவை சிவப்புன்னு ஏறிருச்சுன்னா நான் அழிக்க முடியாது. கமிட்டி கூடி அழிக்கணும். எப்பக் கூடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. அதுவரைக்கும் சட்டப்படி உங்க மண்டைக்குள்ள ரத்தம் இருக்கு."

"நெசத்துல?"

"நெசத்துல ரெண்டு தையல். போட்டுட்டு இட்லி சாப்பிடலாம்."

தவசிக்கு மிஷின் மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. ரேஷன் கடையில் அவர் கைரேகையை வேறு யாருடையதோ என்று சொன்ன மிஷின் உண்டு. ஆனாலும் இந்த மிஷின் தன் பக்கம் பொய் சொன்னதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. தையல் போடும்போது சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, கரிக்கும் ரத்தத்துக்குமா வித்தியாசம் தெரியாது என்று கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். இதுக்கு ரத்தமே தெரியாது ஐயா. இடது பக்கம் எவ்வளவு வெளிச்சம் திரும்புது, வலது பக்கம் எவ்வளவு திரும்புது, அதை மட்டும்தான் பார்க்கும். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா பச்சை. ஒரு பக்கம் குறைஞ்சா சிவப்பு. முக்காவாசிப் பேருக்கு ஒரு பக்கம்தான் கசியும், அதனால வேலை நடக்குது.

தவசியின் வாய் அவரைக் கேட்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டது.

"மல்லாக்க விழுந்து பின்மண்டையில அடிபட்டா?"

டாக்டரின் ஊசி நின்றது.

"பின்னாடி அடிபட்டா மூளை முன்னாடி போய் மோதும். நெத்திக்குள்ள ரெண்டு பக்கமும் கசியலாம். ரெண்டும் சமமா இருந்தா இது பச்சைதான் காட்டும். கொஞ்ச நேரம் ஆளு நல்லாத்தான் இருப்பாரு, நடப்பாரு, பேசுவாரு. அப்புறம் வாந்தி, தூக்கம். அதோட எழுந்திரிக்க மாட்டாரு. யாரு விழுந்தது?"

"யாரும் இல்ல. சும்மா கேட்டேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையலை முடித்தாள். அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றைக்கு அவர் பார்த்ததில் உண்மை சொன்ன சிவப்பு அது ஒன்றுதான்.

தவசி கட்டிலில் படுத்துக் கணக்குப் போட்டார். அவன் நன்றாகத்தானே எழுந்தான். திட்டினானே. அவ்வளவு நீளமாகத் திட்டுகிறவனுக்கு மூளையில் என்ன கோளாறு இருக்க முடியும். சாகிறவன் பாட்டனின் பெயரைச் சரியாகச் சொல்லித் திட்டுவானா. இப்படி அவர் தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தபோது பஞ்சவர்ணம் போன் பண்ணினாள். பக்கத்தில் மாயழகின் பெண்சாதி காத்தம்மா நின்று அழுவது கேட்டது. பஞ்சவர்ணம் போனை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"மாமா, ஒங்களுக்கும் அவருக்கும் ஆயிரம் இருக்கட்டும். டிபன் கொண்டு போனேன், அம்புட்டையும் வாந்தி எடுத்துட்டாரு. என்னைய யாருன்னு கேக்குறாரு மாமா. போலீஸ்காரரு நடிக்கிறான்னு சொல்றாரு. பச்சை வாங்குனவனுக்கு எப்படி வாந்தி வரும்னு கேக்குறாரு. ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க."

தவசி போனை வைத்தார். துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் வந்த பஸ்ஸில் ஏறினார். அவரை யாரும் தடுக்கவில்லை. வராண்டாவில் ஒரு கட்டில் காலியாவதை எந்த ஆஸ்பத்திரியும் தடுக்காது.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தார். உண்மையைச் சொன்னால் கேஸ் போகும். போவது மட்டுமில்லை, திரும்பித் தன் மேலேயே பாயும். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் அவன் போய்விடுவான். கிணறு முழுக்கத் தனக்கு. இந்த இடத்தில் தவசிக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. வந்ததை மறைத்துப் பயன் இல்லை. ஒரு நிறுத்தம் வரைக்கும் அது கூடவே உட்கார்ந்து வந்தது. பிறகு எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

எஸ்.ஐ. தமயந்தி அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். தவசி ஒன்று விடாமல் சொன்னார். தள்ளியது நான், பின்மண்டை தொட்டியில் மோதியது, எனக்கு வந்த சிவப்பு கரியால் வந்தது, டாக்டர் துடைத்துக் காட்டினார், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அவள் கவனமாகக் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைத் தவசி பக்கம் திருப்பி, அதில் அவர் பெயருக்கு நேரே எரிந்த சிவப்பைக் காட்டினாள்.

"பெரியவரே, நீங்க சொல்றது ஒண்ணும் செல்லாது."

"ஏன் செல்லாது?"

"மூளையில ரத்தம் கசிஞ்சவங்க நினைப்பு தடுமாறும். அவங்க வாக்குமூலத்தை எடுக்கக் கூடாதுன்னு ரூல். முன்னாடி என்ன பண்ணுனாங்க? சிவப்பு வாங்குனவங்களை மிரட்டி, நானேதான் விழுந்தேன்னு சொல்ல வச்சுக் கேசை முடிச்சாங்க. அதனால ஒங்களை மாதிரி ஆளுகளைக் காப்பாத்தத்தான் இந்த ரூலு."

"என்னையக் காப்பாத்துறதுக்கு அவன் சாகணுமா?"

அவளுக்கும் அது பிடித்திருக்கவில்லை என்று முகம் காட்டியது. டவுன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். பட்டை பச்சை என்றதும், அப்புறம் எதுக்குப் போன் பண்றீங்க என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். சரி, இன்னொரு தடவை பட்டை கட்டிப் பாருங்களேன் என்றார் தவசி. ஒரு கேசுக்கு ஒரு தடவைதான் கட்டலாம், இல்லாவிட்டால் சிவப்பு வருகிற வரைக்கும் கட்டிக்கொண்டே இருப்பார்கள் என்றாள். லாக்கப்பில் இருக்கும்போது புதிதாக அடி பட்டால் மட்டும் கட்டியே ஆக வேண்டும், அது கேமராவில் பதிவாகியிருக்க வேண்டும்.

"கட்டுனாலும் பச்சைதான் வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தவசி வெளியே வந்தார்.

டீக்கடையில் நாகு உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் பதறி, அண்ணே சிவப்பை வச்சுக்கிட்டு ஏன் ரோட்டுல நடக்குறீங்க, கேசு கெட்டுரும் என்றான். தவசி அவனிடம் ஒன்றும் பேசவில்லை. கடையில் வடை போட்டு இறக்கிவைத்த சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடியில் விறகுக்கரியும் எண்ணெயுமாக விரல் மொத்தத்துக்கு அப்பியிருந்தது. வலது உள்ளங்கையை அதில் நன்றாக வைத்துத் தேய்த்தார். கடைக்காரன் என்னவோ கேட்டான். இடது கையால் ஒரு டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பங்காளிக்கு டீ கொடுக்கலாமா என்று கேட்டதற்கு எஸ்.ஐ. உடனே சரி என்றாள். போலீசுக்கு ராஜி என்றால் எப்போதும் பிடிக்கும். மாயழகு கம்பியோரம் சாய்ந்து கிடந்தான். வாய் கோணி, குறட்டை வந்தது. தவசி உட்கார்ந்து, டேய் மாயழகு, டீ என்றார். கண் பாதி திறந்தது. யாரைப் பார்க்கிறோம் என்பது அந்தக் கண்ணில் இல்லை. காலையில் அவ்வளவு பேசிய வாய்.

மேலே கேமரா இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். டீயைக் கீழே வைத்தார். வலது கையைக் கம்பிக்குள் விட்டு ஓங்கினார். அடி மாதிரித் தெரிய வேண்டும், அடியாக இருக்கக் கூடாது. அறுபது வருஷத்தில் எத்தனையோ பேரை அறைந்திருக்கிறார், இவ்வளவு யோசித்து அறைந்தது இல்லை. நெற்றியின் இடது பக்கம், முடி தொடங்குகிற இடத்தில் உள்ளங்கை பதிந்தது. பதிந்த கை உடனே விலகவில்லை. முடியோடு சேர்த்து ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் வந்தது.

"என் தண்ணியவாடா எடுத்த, களவாணிப் பயலே" என்று கேமராவுக்குக் கேட்கும்படி கத்தினார்.

போலீஸ்காரர்கள் அவரை இழுத்துப் போட்டார்கள். தமயந்தி ஓடிவந்து மாயழகின் தலையில் பட்டையைக் கட்டினாள். கட்டும்போது அவள் விரலில் கரி ஒட்டியது. விரலைப் பார்த்தாள். தரையில் கிடந்த தவசியைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பட்டையில் சிவப்பு எரிந்தது. அவள் விரலை மெதுவாகக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க என்றாள்.

அந்த இளவயது டாக்டர்தான் ஸ்கேன் எடுத்தாளாம். நெற்றிக்குள் இரண்டு பக்கமும் ரத்தம் கட்டியிருந்தது. உடனே தியேட்டருக்குள் கொண்டுபோய் மண்டையைத் திறந்து வழித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். பேப்பரிலும் வந்தது. லாக்கப்பில் அடிபட்ட கைதியின் மூளைக் கசிவைச் சில நிமிஷத்தில் கண்டுபிடித்த வெளிச்சப்பட்டை என்று படத்தோடு போட்டிருந்தார்கள். மாவட்டத்தில் மீதமிருந்த செக்போஸ்டுகளுக்கும் பட்டை வாங்க உத்தரவு போட்டார்கள்.

தவசி மேல் கேஸ் போட்டது யாரும் இல்லை, அரசாங்கமே போட்டது. போலீஸ் காவலில் இருந்தவனைக் கேமரா பார்க்க அடித்திருக்கிறார், சிவப்பு வந்திருக்கிறது, ஜாமீன் கிடையாது. கோர்ட்டில் அவர் நடந்ததை நடந்தபடி சொல்ல வாயைத் திறந்தார். கமிட்டி இன்னும் கூடவில்லை, அவர் தலைக்குள் சட்டப்படி ரத்தம் இருந்தது. ஜட்ஜ் இரக்கத்தோடு, உட்காருங்க பெரியவரே, சிரமப்படாதீங்க என்றார்.

ஜெயிலுக்குப் பார்க்க வந்த நாகுவிடம், அப்ப நான் புத்தி தடுமாறுனவன்னா என்னைய எப்படிடா உள்ள வைக்கலாம் என்று கேட்டார்.

நாகு சட்டம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான். "சிவப்பு வாங்குனவனோட வாய்தாண்ணே செல்லாது. கை செல்லும்."

மாயழகின் மேல் இருந்த கேஸ் என்ன ஆயிற்று என்றும் கேட்டார். அவனுக்கும் சிவப்பு என்பதால் அவன் சொல்வதும் செல்லாது, ஆபரேஷன் ஆனவனை உள்ளே வைக்கவும் முடியாது, ஆகவே கோப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றான் நாகு. இந்தச் சட்டத்தில் பிழைப்பு இருக்கிறது என்று அவனுக்கு மறுபடி நம்பிக்கை வந்திருந்தது. முகத்தில் ஒரு களை தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து மாயழகே வந்தான். தலையை மழித்திருந்தார்கள். காதுக்குக் காது தையல். மீசையையும் எடுத்துவிட்டதில் ஆள் பாதியாகத் தெரிந்தான். காத்தம்மா பின்னால் பையோடு நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தவசியைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தவசி தன் வயதுக்குப் பல சண்டைகளைப் பார்த்தவர், இதற்கு மட்டும் தயாராக வரவில்லை.

விஷயம் என்னவென்றால் மாயழகுக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. கிணறு, பைப்பு, தொட்டி, லாக்கப்பு, ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. டாக்டர் அது இனி வராது என்று சொல்லிவிட்டாள். கண் முழித்தவனிடம் ஊரில் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்ல, காத்தம்மா எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்தாள். அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தான் எங்கேயோ விழுந்து பிழைத்திருக்கிறோம், அண்ணன் ஜெயிலில் இருக்கிறார்.

"கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுக் கொண்டாந்தோம்ணே. உள்ள விட மாட்டேங்கிறாங்க. பழம் மட்டும் குடுக்கலாமாம்."

"இருக்கட்டும். ஒனக்கு வலி இருக்கா?"

"அதை விடு." மாயழகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். "ஒன்னைய உள்ள வச்சவன் யாருண்ணே? நானும் கேக்குறேன், ஊருல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். இவளும் சொல்ல மாட்டேங்கிறா. பேரை மட்டும் சொல்லு. அவன் மண்டையப் பொளக்காம நான் வீட்டுக்குப் போக மாட்டேன்."

காத்தம்மா தரையைப் பார்த்தாள். தவசி அந்த மழித்த தலையை, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும், மெதுவாக ஒரு தடவை பார்த்தார்.

"வெளிய வெயிலா இருக்கு" என்றார். "துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போடா."